குதிரை லாயத்துக்கு நார்க்கழிவுப் படுக்கை: சோதிப்பதிலிருந்து அள்ளிப்போடுவது வரை

450 கிலோ எடையுள்ள ஒரு குதிரை நாளொன்றுக்குச் சுமார் 8 முதல் 10 லிட்டர் மூத்திரம் பெய்யும். லத்தி 20 கிலோ பக்கம் வரும். லத்தியை முள்வாரியால் அள்ளி எறிந்துவிடலாம். மூத்திரத்தை அப்படி அள்ள முடியாது. அதிலுள்ள யூரியாவை லத்தியிலும் தரையிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்திலேயே உடைத்து அம்மோனியாவாக்கத் தொடங்கிவிடும். நிற்கிற நமக்கு லேசாக நெடி அடித்தால், படுத்திருக்கும் குதிரையின் மூக்கு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று வேறு மாதிரி. குதிரை நின்றபடியே தூங்கும் என்பார்கள். அரைத்தூக்கம் நின்றபடி போடும். ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும். சொதசொதவென்ற இடத்தில் பல குதிரைகள் படுக்கவே மாட்டா. ஆகவே படுக்கை என்பது சுத்தம், அழகு பற்றிய விஷயம் மட்டுமல்ல. மூச்சுக்குழாயும் தூக்கமும் குளம்பும் அதில் மாட்டியிருக்கின்றன.

கீழே வருவது பொள்ளாச்சி, உடுமலை பக்கம் போன்ற தென்னை வட்டாரத்தில், சிமென்ட் தரையுள்ள 12 அடிக்கு 12 அடி அறைக்குப் படுக்கை போடும் முறை. அடியில் தென்னை நார்க்கழிவு (மட்டையிலிருந்து நார் பிரிக்கும்போது உதிரும் தூள்), மேலே மரச்சுருள். ஏன் இந்த இரண்டும், ஏன் இந்த வரிசையில் என்பதுதான் முக்கியம். அது புரிந்தால் வேறு ஊரில் வேறு பொருளை வைத்தும் இதே வேலையைச் செய்யலாம்.

கிடைக்கிற பொருட்கள்

வைக்கோல் எங்கும் கிடைக்கும், தன் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீரும் பிடிக்கும். ஆனால் நெல் வைக்கோலின் மேல்தோல் மெழுகும் சிலிக்காவும் கலந்தது. மூத்திரம் அதன் மேல் வழிந்து கீழே போய்விடும், உள்ளே இறங்க நேரம் எடுக்கும். அரையடிக்கும் குறைவாக நறுக்கிப் போட்டால் கொஞ்சம் தேவலை. பெரிய தொல்லை, குதிரை அதைத் தின்னும். படுக்கை வைக்கோலை நிறையத் தின்ற குதிரைக்குக் குடல் அடைத்து வயிற்றுவலி வரலாம். மழையில் நனைந்து காய்ந்த கட்டைப் பிரித்தால் வெள்ளைப் புகைபோலக் கிளம்புவது பூஞ்சைத் தூள். அந்தக் கட்டு லாயத்துக்குள் வரவே கூடாது.

உமி மலிவு. ஆனால் அது நீரைக் குடிப்பதில்லை. இடுக்குகளில் தாங்கி நிற்கும், அவ்வளவுதான். முனை கூர், தூசி கண்ணிலும் மூக்கிலும் ஏறும். கடலைத் தோல் ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், அதில் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நச்சு பற்றிய பயம் உண்டு. குதிரை வாய் வைக்கும் இடத்தில் அது வேண்டாம். கரும்புச் சக்கையில் மிச்சமிருக்கும் சர்க்கரை புளித்து, சூடாகி, பூஞ்சை கட்டும். மரத்தூள் நன்றாக உறிஞ்சும், ஆனால் அறுவை மில்லிலிருந்து வரும் நைஸ் தூள் காற்றில் மிதக்கும். அதைத் தனியாகப் போடுவது நுரையீரலுக்குக் கேடு.

மரச்சுருள், அதாவது இழைப்புளியிலும் பிளேனர் மெஷினிலும் வருகிற சுருள், தன் எடையில் சுமார் இரண்டு மடங்கு பிடிக்கும். உறிஞ்சுவதில் நடுத்தரம்தான். ஆனால் மெத்தென்றிருக்கும், தூசி குறைவு, நிறம் வெளுப்பு என்பதால் அழுக்கு பளிச்சென்று தெரியும். நார்க்கழிவு காய்ந்த நிலையில் தன் எடையைப்போல் ஆறு முதல் எட்டு மடங்கு நீர் பிடிக்கும். லேசான அமிலத்தன்மை கொண்டது (பிஎச் 5.5 முதல் 6.5 வரை) என்பதால் அம்மோனியாவை வாயுவாகப் பறக்க விடாமல் ஓரளவு அம்மோனியமாகப் பிடித்து வைக்கும். எண்ணைப் பார்த்ததும் இதை மட்டும் கொட்டி நிரப்பிவிடத் தோன்றும். அப்படிச் செய்தால் மேற்பரப்பே ஈரமாகக் கிடக்கும், கரும்பழுப்பாக இருப்பதால் எங்கே நனைந்தது என்று கண்ணுக்கும் தெரியாது.

நார்க்கழிவு வாங்கும்போது

மூன்றைப் பார்க்க வேண்டும்: உப்பு, ஈரம், நார்.

உப்புத் தண்ணீரிலோ காயலிலோ மட்டை ஊறவைத்த இடத்துச் சரக்கில் சோடியம், பொட்டாசியம் உப்புகள் அதிகம் இருக்கும். உப்பேறிய கழிவு இரவு நேர ஈரக்காற்றிலிருந்து தானாகவே நீரை இழுக்கும். குதிரை மூத்திரம் பெய்யும் முன்பே படுக்கை பிசுபிசுக்கும். குதிரை அதை நக்கவும் பழகும். நர்சரிக்கு ஏற்றுமதி செய்கிறவர்கள் ‘லோ இசி’ என்று தனியாகக் கழுவிய சரக்கு வைத்திருப்பார்கள், உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறன் (இசி) 0.5 மில்லிசீமென்ஸுக்குக் கீழே என்று கேட்டு வாங்கலாம். மீட்டர் இல்லையென்றால் ஒரு பிடியை ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை நாக்கில் வைத்தால் கரிப்பு தெரிந்துவிடும்.

ஈரம் பற்றித்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 5 கிலோ அச்சுக்கட்டியை வாங்கி, செடிக்குச் செய்வதுபோல 20, 22 லிட்டர் தண்ணீர் ஊற்றி உப்பவைத்துப் படுக்கை போடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 கிலோ கழிவு ஏழு மடங்கு என்றால் மொத்தம் 35 லிட்டர் பிடிக்கும். அதில் 22 லிட்டரை நாமே ஊற்றிவிட்டோம். குதிரைக்கு மிச்சம் 13 லிட்டர்தான். லாயத்துக்குக் கட்டி வேண்டாம். களத்தில் காயவைத்த உதிரித் தூளைச் சாக்கில் வாங்குவது நல்லது. கட்டிதான் கிடைக்கிறது என்றால் 4, 5 லிட்டர் மட்டும் தெளித்து, ஒரு இரவு விட்டு, மண்வெட்டியால் உடைத்து, சிமென்ட் களத்தில் இரண்டு அங்குலக் கனத்துக்குப் பரப்பி, புரட்டிப் புரட்டிக் காயவைக்க வேண்டும். ரொம்பவும் சுக்காகக் காய்ந்தால் தூசி பறக்கும். கையில் அள்ளிப் பிடித்தால் குளிர்ச்சி தட்ட வேண்டும், இறுக்கினால் சொட்டக் கூடாது, விரலைத் திறந்தால் பொலபொலவென்று உதிர வேண்டும். அதுதான் பதம்.

நீள நார் கலந்திருந்தால் முள்வாரியில் சிக்கும், குதிரையும் பிடித்து இழுக்கும். அரை அங்குலக் கண்ணுள்ள மணல் சல்லடையில் ஒருமுறை சலித்தால் போதும்.

மரச்சுருளில் எச்சரிக்கை வேறு. பிளைவுட், எம்.டி.எஃப். அறுத்த பட்டறையின் கழிவில் பசை இருக்கும், வேண்டாம். தேக்கு, ஈட்டித் தூள் மனிதருக்கே தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் தருகிறது. அமெரிக்கக் கறுப்பு வால்நட் மரச்சுருள் கொஞ்சம் கலந்திருந்தாலே சில மணி நேரத்தில் குதிரையின் கால் வீங்கி, குளம்பின் உட்சதை அழன்று நொண்டத் தொடங்கும். உயர்ரக ஃபர்னிச்சர் பட்டறைகளில் இப்போது அந்த மரம் வருகிறது என்பதால் ‘என்னென்ன மரம் இழைக்கிறீங்க’ என்று கேட்டுவிட்டே ஏற்ற வேண்டும். பைன் பேக்கிங் பெட்டி செய்கிற இடமும் சில்வர் ஓக் இழைக்கிற இடமும் நல்லவை. இறக்குமதிப் பலகையென்றால் முத்திரையில் ‘ஹெச்.டி.’ என்று இருப்பது வெப்பத்தில் பதப்படுத்தியது, ‘எம்.பி.’ என்பது மெத்தில் புரோமைடு புகையூட்டியது, தவிர்க்கலாம். சாக்கைக் கொட்டியதும் பழைய ஒலிபெருக்கியின் காந்தத்தை ஒரு கம்பில் கட்டி, குவியலுக்குள் நிதானமாக இழுத்துப் பாருங்கள். ஆணி, ஸ்டேப்பிள் முள், உடைந்த பிளேடு நுனி என்று ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும். அதில் ஒன்று குளம்பில் ஏறினால் எத்தனை நாள் நொண்டும் என்பதை நினைத்தால் இந்தப் பத்து நிமிடம் பெரிதல்ல.

உறிஞ்சும் சோதனை

கோரா துணியில் ஒரே அளவில் பைகள் தைத்துக்கொள்ளுங்கள். வெறும் பையை நனைத்து, சொட்டு நின்றபின் எடை குறித்துக்கொள்ளுங்கள். நன்றாகக் காயவைத்த பொருள் 100 கிராம் போட்டுக் கட்டி, 24 மணி நேரம் நீரில் முக்கி வையுங்கள். எடுத்து அரை மணி நேரம் தொங்கவிட்டு மறுபடி எடை போடுங்கள். மொத்த எடையிலிருந்து ஈரப்பை எடையையும் 100 கிராமையும் கழித்து, வருவதை 100-ஆல் வகுத்தால் எத்தனை மடங்கு என்பது கிடைக்கும்.

இதோடு நிறுத்தக் கூடாது. குதிரை ஒரு லிட்டருக்கு மேல் மூத்திரத்தை அரை நிமிடத்துக்குள் கொட்டிவிடுகிறது. 24 மணி நேரத்தில் குடிக்கிற பொருள் அரை நிமிடத்தில் குடிக்குமா என்பதும் தெரிய வேண்டும். இன்னொரு பையை ஒரே ஒரு நிமிடம் முக்கி எடுத்து அதே கணக்கைப் போடுங்கள். வைக்கோலும் மரச்சுருளும் இதில் பின்தங்கும். நார்க்கழிவு பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும்.

அடுத்த சோதனைதான் அடுக்கும் வரிசையைத் தீர்மானிப்பது. இரண்டு லிட்டர் பாட்டில்கள் இரண்டை அடி அறுத்துக் கவிழ்த்து, வாயில் வலைத்துணி கட்டுங்கள். முதல் பாட்டிலில் கீழே நாலு விரல்கடை நார்க்கழிவு, மேலே அதே அளவு சுருள். இரண்டாவதில் மாற்றி: கீழே சுருள், மேலே நார்க்கழிவு. இரண்டிலும் நீலம் கரைத்த தண்ணீர் 200 மில்லி ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். முதல் பாட்டிலில் நீலம் சுருளைக் கடந்து கழிவுக்குள் இறங்கிவிடும். மேலே செய்தித்தாளை வைத்து அழுத்தினால் லேசான ஈரக்கறைதான். இரண்டாவதில் நீலம் மேலேயே நிற்கும். தாள் நனைந்து கிழியும், அடியிலுள்ள சுருளில் பாதிக்கு ஈரமே பட்டிருக்காது. காரணம் எளிது. நுண்ணிய துளைகள் நீரை இழுக்கும் விசை பெரிய துளைகளின் விசையைவிட அதிகம். நீர் கரடுமுரடான பொருளிலிருந்து நைசான பொருளுக்குத் தானாக நகரும். நைசிலிருந்து கரடுக்கு லேசில் நகராது. அதனால் தாகம் அதிகமுள்ள நைஸ் பொருள் எப்போதும் கீழே, கரடானது மேலே. படுக்கை விஷயத்தில் எந்தப் பொருள் என்பதைவிட இந்த வரிசை பெரிது என்றே சொல்வேன்.

சோதனையில் வந்த எண்ணை அப்படியே லாயத்துக்குக் கொண்டுபோகவும் கூடாது. நிற்கும் குதிரையின் குளம்பு ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ ஒரு கிலோ பாரத்தை வைக்கிறது. அது ஊறிய கழிவைப் பிழிந்துவிடும். ஏழு மடங்கு பிடிப்பது லாயத்தில் மூன்று மடங்கு பிடித்தால் நல்லது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 10 லிட்டர் மூத்திரத்துக்கு அப்போது 3 முதல் 4 கிலோ காய்ந்த கழிவு வேண்டும். சுருள் மட்டுமே போட்டால் இதே வேலைக்கு 8, 10 கிலோ ஆகும். விலை ஒப்பிடும்போதும் சாக்கு விலையைப் பார்க்காமல், ஒரு லிட்டர் ஈரம் பிடிக்க எவ்வளவு செலவு என்று பாருங்கள்.

தரை

தரை சரியில்லாமல் எந்தப் படுக்கையும் நிற்காது. 12 அடிக்கு இரண்டு அங்குலம் சரிவு, வாசல் பக்கமோ பின்சுவர் வடிகால் பக்கமோ இருந்தால் போதும். அதைவிட அதிகச் சரிவில் குதிரை இரவெல்லாம் கோணலாக நிற்க வேண்டிவரும். டியூப் லெவல் வைத்து அளந்து, ஒரு வாளி நீரைக் கொட்டி எங்கே தேங்குகிறது என்று சாக்பீஸால் கோடு போடுங்கள். தேங்கும் பள்ளத்தை முதலில் பூசி அடைக்க வேண்டும். ரப்பர் மேட் போட்டிருந்தால் இணைப்பு இடுக்குகளில் மூத்திரம் இறங்கி அடியில் நாறும். மாதம் ஒருமுறையாவது தூக்கிக் கழுவாத மேட், இல்லாத மேட்டைவிட மோசம்.

சுண்ணாம்பு பற்றி ஒரு வார்த்தை. ஈரமான இடத்தில் சுண்ணாம்பு தூவும் பழக்கம் பல லாயங்களில் உண்டு. நீற்றுச் சுண்ணாம்பு காரம் மிகுந்தது. குளம்பையும் தோலையும் அரிக்கும். அதோடு காரம் ஏறினால் ஈரத்தில் அடங்கிக் கிடந்த அம்மோனியம் வாயுவாக மாறி வெளியே வரும். தூவியதும் நெடி சுள்ளென்று ஏறுவது அதனால்தான். படுக்கையை முழுக்க எடுத்து, தரையைக் கழுவி, குதிரை வெளியே இருக்கும்போது தரைக்கு வெள்ளையடிப்பதில் தவறில்லை. காய்ந்தபின் பெருக்கிவிட வேண்டும். மூத்திர ஈரத்தின் மேல் தூவ வேண்டாம்.

போடும் முறை

ஒரே குதிரை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் பெய்யும். ஆண் குதிரையும் காயடித்ததும் அறையின் நடுவில், பெண் குதிரை பின்சுவர் ஓரமாக என்பது பொதுவாக ஒத்துவரும். பழைய படுக்கையை எடுக்கும்போதே ஈரம் எங்கே என்று பார்த்துக்கொண்டால் 6 அடிக்கு 6 அடி ஈர இடத்தைக் குறித்துவிடலாம்.

அந்த 36 சதுர அடியில் மூன்று அங்குலம் நார்க்கழிவு. தூளின் அடர்த்தியைப் பொறுத்து 22 முதல் 25 கிலோ பிடிக்கும். மீதி இடத்தில் ஒரு அங்குலம் போதும், அதற்கும் அதே 22 முதல் 25 கிலோ. மட்டப்பலகையால் இழுத்துச் சமன் செய்து, காலால் லேசாக மிதித்து விடுங்கள், அமுக்கிவிடக் கூடாது. அதன்மேல் அறை முழுக்க நாலு அங்குலம் மரச்சுருள். உதிரிச் சுருள் 100 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே ஆகும். சுவர் ஓரமாக முக்கால் அடி உயரத்துக்கு ஏற்றிக் கரை கட்டுங்கள். புரளும் குதிரை சுவரோரம் கால் மாட்டி எழ முடியாமல் தவிப்பதை இந்தக் கரை குறைக்கும். தீவனம் வைக்கும் மூலையிலும் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழேயும் நார்க்கழிவு வேண்டாம், மெல்லிய சுருள் மட்டும்.

புதிய படுக்கையில் முதல் இரண்டு இரவு குதிரையைக் கவனியுங்கள். காய்ந்த நார்க்கழிவைத் தின்றால் வயிற்றில் ஊறி உப்பும். பசியோடு உள்ளே விடாமல் முதலில் புல்லைப் போட்டுவிட்டு விட்டால் பெரும்பாலும் முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிடும். வாய் வைத்துக்கொண்டே இருக்கும் குதிரைக்கு இந்த முறை ஒத்துவராது.

தினசரி வேலை, கெட்டுப்போகும் இடங்கள்

காலையில் குதிரையை வெளியே கட்டியதும் லத்தியை முள்வாரியில் அள்ளி, சுருள் கீழே உதிர மெல்லக் குலுக்கி எடுங்கள். பிறகு ஈர இடத்தின் மேல் உள்ள சுருளை ஓரமாகத் தள்ளுங்கள். அடிக்கழிவில் கையுறை போட்ட கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கில் நீர் வழிந்தால் அது முடிந்துபோன கழிவு; பாண்டில் அள்ளி வெளியே போடுங்கள். ஈரமாக இருந்தும் சொட்டவில்லை என்றால் இன்னும் ஒரு இரவு தாங்கும். குழியை ஒரு மணி நேரம் திறந்து காற்றாட விட்டு, 3, 4 கிலோ காய்ந்த கழிவை நிரப்பி, சுருளை இழுத்து மூடுங்கள். மாலையில் லத்தி மட்டும். வாரம் ஒருமுறை ஈர இடம் முழுவதையும் தரை தெரிய எடுத்து, கழுவி, காயவைத்துப் புதிதாகப் போட வேண்டும்.

இந்த முறை தோற்பது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். படுக்கையைக் காலையில் கீழிருந்து மேல் புரட்டிப் போடும் பழைய பழக்கம். வைக்கோலுக்கு அது சரி. இங்கே புரட்டினால் நைஸ் கழிவு மேலே வந்துவிடும், இரண்டாவது பாட்டிலில் பார்த்த கதைதான். வேலைக்காரருக்கு பாட்டில் சோதனையை ஒருமுறை காட்டிவிட்டால் பிறகு சொல்லவே வேண்டியிருக்காது. காலால் பறித்துக்கொண்டே இருக்கும் குதிரையென்றால் அடுக்கு ஒரு இரவுகூட நிற்காது. அதற்கு ரப்பர் மேட்டும் கனமான சுருளும் போட்டு, ஈரத்தை இரண்டு வேளை எடுப்பதே வழி.

அம்மோனியா இருக்கிறதா என்று சோதிக்க மஞ்சள் துணி வசதியானது. மஞ்சள் கரைத்த நீரில் நனைத்த வெள்ளைத் துணித் துண்டை, அதிகாலையில் கதவைத் திறக்குமுன் படுக்கைக்கு ஒரு சாண் மேலே கொஞ்ச நேரம் தொங்கவிடுங்கள். செம்பழுப்பாக மாறினால் அம்மோனியா எல்லை மீறிவிட்டது. மாறவில்லை என்பதால் நல்ல காற்று என்று ஆகிவிடாது. முழங்காலிட்டு முகர்ந்தும் பாருங்கள், கண் எரிகிறதா என்று. குளம்புக் கொக்கியால் தினமும் குளம்படியைச் சுரண்டும்போது நடுவிலுள்ள முக்கோண மெத்தைப் பகுதியின் ஓரப் பள்ளத்தில் கறுப்புக் கசிவும் அழுகல் வாடையும் இருந்தால், படுக்கை ஈரமாக இருந்து சில நாளாகிவிட்டது என்று அர்த்தம். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், அன்றே அடிக்கழிவையும் மாற்றுங்கள்.

எடுத்த கழிவு நல்ல உரமாகும், ஆனால் உடனே அல்ல. நார்க்கழிவில் லேசில் மக்காத லிக்னின் அதிகம், கரிமச்சத்துக்குத் தழைச்சத்து விகிதம் நூறுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும். மூத்திரத்திலிருந்து ஏறிய தழைச்சத்து அதைக் கொஞ்சம் ஈடுகட்டும். லத்தியோடு சேர்த்து நிழலில் குவித்து, ஈரம் காக்கப்பட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரட்டினால் கறுத்து, மண்வாடை வந்தபின் தென்னைக்குப் போடலாம். பச்சையாகப் போட்டால் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கணக்கெல்லாம் மாறும். களத்தில் வெயில் இல்லாததால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வருகிற நார்க்கழிவு பாதிக்குப் பாதி தண்ணீராகவே இருக்கும். மார்ச், ஏப்ரலில் வாங்கி, மரச்சட்டங்களின் மேல் சாக்குகளை அடுக்கி, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, மேலே மட்டும் தார்ப்பாய் போட்டு வைப்பது நல்லது; பக்கவாட்டில் இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்துவிடும். இருப்புத் தீர்ந்து மழையில் வாங்க நேர்ந்தால், லாரியின் மேல்வரிசைச் சாக்கைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அடிவரிசையில் ஒன்றைப் பிரித்து, முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். சொட்டினால் இறக்க வேண்டாம்; அந்த வாரத்துக்குச் சுருளை ஆறு அங்குலமாக்கி, ஈரத்தை இரண்டு வேளையும் எடுத்துச் சமாளிக்கலாம்.